எப்சிபா டீச்சர் முழங்கால் போட்ட இடம்

அந்த வேதாகமப் பூங்காவுக்கா போறீங்க? நோட்டீச மடிச்சு விசிறிட்டு இருக்கீங்களே, அதான் கேட்டேன். போங்க, பிள்ளைகளக் கூட்டிட்டுத் தாராளமாப் போங்க. நல்லாத்தான் கட்டி வச்சிருக்கான். பெத்லகேம், நோவா பேழை, கலிலேயாக் கடல், எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க. அங்க எந்த இடத்துலயும் முழங்கால் போடுததுக்கு முந்தி, பக்கத்துல பலகை இருந்தா அதப் படிச்சுட்டுப் போடுங்க. முப்பத்தாறு வருசம் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் குடுத்தவ நான். எனக்கு அந்த ஒரு பலகைய வாசிக்கத் தோணல.

சிரிக்கீங்க. சிரிங்க, சிரிங்க. நாங்குநேரி தாண்டித்தான் நான் பஸ்ஸ விட்டு இறங்கணும். அதுக்குள்ள முழுசும் சொல்லிருதேன்.

என் பேரு எப்சிபா. பாளையங்கோட்டையில எப்சிபா டீச்சர்னா தெரியாத ஆளே கிடையாதுன்னு நானாவே நெனச்சிட்டிருப்பேன். ரிட்டயர்ட் ஆயி ஆறு வருசம் ஆச்சு. ஞாயிறு பள்ளிய மட்டும் இன்னும் விடல, பிள்ளைகதான் ஒவ்வொண்ணா என்னைய விட்டுட்டுப் போகுதுங்க. எனக்கு ஒரே மகன், யாபேஸ். காத்தாலைக் கம்பெனியில வேலை. பணகுடிப் பக்கம் அந்தப் பெரிய காத்தாடிகள் மேல ஏறி ரிப்பேர் பாக்குதான். அவங்கப்பா தவறின பெறகு எனக்கு எல்லாம் அவன்தான். வயசு முப்பத்தொண்ணு.

முப்பத்தொரு வயசுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலன்னு கேக்கத் தோணுதுல்லா? யாரு கேட்டாலும் கர்த்தருடைய சித்தம் இன்னும் அமையலன்னு சொல்லுவேன். அமையாம என்ன? மூணு பொண்ணு பாத்தேன். ஒரு பொண்ணோட அப்பா சிரிச்சா தெரு முழுக்கக் கேக்கும், வேண்டாம்னேன். ஒண்ணு பாட்டுக்குழுவுல சுருதி சேராமப் பாடுச்சு. மூணாவதுக்கு என்ன குறை சொன்னேன்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்ல. எங்க ஆட்கள்ல பொண்ணு வேண்டாம்னு யாரும் மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்ல மாட்டோம். காப்பியக் குடிச்சு முடிச்சு, எந்திரிச்சு, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதோம்"னு சொல்லுவோம். அவங்களுக்கு அப்பமே விசயம் புரிஞ்சிரும். யாரும் சண்டைக்கும் வர முடியாது பாத்துக்கிடுங்க, பழி ஆண்டவர் மேலல்லா போகுது.

போன தையில யாபேஸ் வந்து, "அம்மா, நான் ஒரு பிள்ளையப் பாத்திருக்கேன்"னான்.

"பேரு என்னடா?"

"இசக்கிச்செல்வி."

இசக்கி! ஊர் எல்லையில கையில பிள்ளையோட கண்ண உருட்டிட்டு நிக்குமே, அந்த அம்மன் பேரு. எனக்கு அப்படியே குப்புன்னு வேத்துப் போச்சு. என்ன வேலைன்னு கேட்டேன். இப்ப நீங்க போறீங்களே, அந்தப் பைபிள் பூங்காவுல கைடாம்.

"இசக்கி பைபிள் பூங்காவுலயாடா?"

"ஏம்மா, நல்லாச் சொல்லுவா. நீங்க ஒரு நாள் வந்து கேளுங்களேன்."

வீட்டுல யார் யாரு இருக்காங்கன்னு கேட்டேன். அப்பா கிடையாது, அம்மா பீடி சுத்துதாங்கன்னு சொன்னான். நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேன். அவன் பின்னாலயே வந்து, "நீங்க ஒரே ஒரு தடவ அவளப் பாருங்கம்மா. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா நான் பெறகு வாயே தெறக்க மாட்டேன்"னான். அவன் அப்படிப் பணிஞ்சு கேட்டதுதான் எனக்குக் கோவம். சண்டை போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்.

அப்பப் பாத்து எங்க சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்துல டூர் போட்டாங்க. எங்க? அதே பூங்காவுக்கு! ஆண்டவரே வழி தெறந்துட்டார்னு நெனச்சேன். அவளுக்குத் தெரியாம அவளப் பாக்கணும். வேதத்துல நாலு கேள்வி கேட்டு மடக்கணும். மகன்கிட்ட வந்து, அந்தப் பிள்ளைக்கு ஒரு மண்ணும் தெரியலடான்னு சொல்லிரணும். இதான் திட்டம். கண்புரை ஆப்பரேசன் பண்ணினப்பக் குடுத்த கறுப்புக் கண்ணாடியத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டேன். சேல முந்தானிய இழுத்து முக்காடு போட்டாச்சு. எங்க சங்கச் செயலாளர் ரோஸ்லெட், அவகிட்ட, அங்க வந்து என் பேரச் சொல்லிக் கூப்பிடாதன்னு சொல்லி வச்சேன். வேன்ல இருந்து இறங்கி ரெண்டு நிமிசம் ஆகல, "எப்சிபா டீச்சர், வெயில்ல நிக்காதீங்க, முன்னால வாங்க!"ன்னு அங்க நின்ன ஒட்டகத்துக்குக் கேக்குத மாதிரிக் கத்துதா.

இதுல இன்னொரு கூத்து என்னன்னா, யாபேஸுக்கு அப்படியே என் மூஞ்சி. மூக்கு, நாடி, காது எல்லாம். நான் கண்ண மட்டும் மறைச்சிட்டு வேசம் போட்டதா நெனச்சிட்டிருக்கேன்.

எங்களுக்குச் சுத்திக் காட்ட வந்ததே அவதான். அங்க வேலை பாக்குத பிள்ளைகளுக்கு வெள்ளச் சுடிதார்தான் யூனிபார்ம். நெத்தியில சின்னதா ஒரு பொட்டு. அழகா இருந்தாளான்னா, இருந்தா. அதுவே எனக்குப் பிடிக்கல. என்னையப் பாத்து ஒரு நொடி நின்னா. பெறகு எல்லாருக்கும் சேத்து வணக்கம் சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சிட்டா.

பேழைக்குள்ள போனதும் முதல் அம்ப விட்டேன். "ஏம்மா, நோவா பெண்சாதி பேரு என்ன?"

"வேதத்துல அவங்க பேரு போடலம்மா. அத்தன மிருகத்துக்கும் சோறு பொங்கிப் போட்டது அவங்களாத்தான் இருக்கும், ஆனா பேரு இல்ல."

எங்க சங்கத்துப் பொம்பளைக எல்லாம் கை தட்டுதாளுக! முப்பது வருசமா நான் கதை சொல்லி ஒருத்தி கை தட்டினதில்ல.

சரின்னு பெத்லகேமுக்குப் போனோம். மாட்டுத் தொழுவம், சிமெண்டு ஆடு, எல்லாம் இருந்துச்சு. குழந்தை இயேசுவப் பாக்க வந்த சாஸ்திரிகள் சிலை ரெண்டுதான் இருக்கு. மாட்டினியான்னு நெனச்சிட்டு, "சாஸ்திரிகள் மூணு பேருல்லா? ஒருத்தர எங்க காணும்?"னேன்.

"ஒருத்தருக்குப் பெயிண்ட் உதிந்து போச்சும்மா, அடிக்கக் கொண்டு போயிருக்காங்க. ஆனா எத்தன பேரு வந்தாங்கன்னு வேதத்துல எண்ணிக்கை கிடையாது. பொன், தூபவர்க்கம், வெள்ளப்போளம்னு காணிக்கைதான் மூணு."

நான் அங்கயே பைபிள எடுத்து மத்தேயு ரெண்டாம் அதிகாரத்துல விரல வச்சுத் தேடுதேன். இல்லம்மா. எண்ணிக்கை இல்ல. வருசா வருசம் கிறிஸ்மஸ் டிராமாவுக்கு மூணு பயலுகளுக்குத் தலையில துண்டக் கட்டி மேடையேத்தினவ நான். ஒரு வருசம் நாலாவதா ஒரு பய, நானும் சாஸ்திரியா வாரேன் டீச்சர்னு அழுதான். வேதத்துல மூணு பேருதாம்லன்னு வெரட்டி விட்டுட்டேன். அவன் இப்ப எங்க இருக்கானோ, பாவம்.

அதுக்குப் பெறகு நான் கேள்வி கேக்கல. அவ சொல்லுததக் கேட்டுட்டே போனேன். கலிலேயாக் கடல்னு ஒரு குளம் வெட்டி ரெண்டு படகு விட்டிருக்கான். அதுகிட்ட நின்னு அவ புயல் வந்த கதையச் சொல்லும்போது நான் பைபிள மூடிப் பைக்குள்ள வச்சிட்டேன். எனக்கு அவளப் பிடிச்சுப் போச்சு. அதான் பயம் வந்துட்டு. தோத்துட்டோம்னு தெரிஞ்சா எனக்கு உடனே ஜெபம் வந்துரும் பாத்துக்கிடுங்க.

மத்தியானம் எல்லாரும் தக்காளிச் சாதத்தப் பிரிச்சிட்டு உக்காந்தாளுக. நான் மெல்ல நழுவினேன். கல்லறைத் தோட்டம்னு அம்புக்குறி போட்டிருந்துச்சு. போனா, பாறை மாதிரி கட்டி, மேல புல்லு வளத்து, குனிஞ்சு போற மாதிரி ஒரு வாசல். கதவு பாதி தெறந்து கிடக்கு. உள்ள ஒரே இருட்டு, குளுகுளுன்னு காத்து வருது. வாசல் பக்கத்துல ஒரு பலகை. அதுல மண்டையோடு படம் போட்டிருந்துச்சு. இயேசுவச் சிலுவையில அறைஞ்ச கொல்கொதான்னா கபாலஸ்தலம்லா, அதுக்குத்தான் மண்டையோடு போட்டிருக்கான், விசயம் தெரிஞ்ச ஆளுதான்னு மனசுக்குள்ள பாராட்டிட்டேன்.

முழங்கால் போட்டேன். உள்ள இருந்து உம்முன்னு ஒரு முழக்கம் வருது. ஆவியானவர் இறங்கி இருக்கார்னு எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ஆரம்பிச்சேன். எனக்கு மனசுக்குள்ள ஜெபிக்க வராது. வாய் விட்டுச் சொன்னாத்தான் திருப்தி.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. இந்த இசக்கிச்செல்விய என் மகன் மனசுல இருந்து எடுத்துப் போடும்"னு தொடங்கினேன். அப்பத்தான் கரண்டு போச்சு. எனக்கு அது கரண்டுன்னு தெரியாதே. முழக்கம் படக்குன்னு நின்னதும், ஆண்டவர் காதக் குடுத்துக் கேக்காருன்னு இன்னும் சத்தத்தக் கூட்டினேன். "அந்தப் பிள்ளைக்கு நான் கெடுதல் கேக்கல ஆண்டவரே. அவளுக்கும் ஒரு மாப்பிள்ளையக் குடும். துபாய், மஸ்கட்டுன்னு தூரமாக் குடும். பிள்ளை நல்ல பிள்ளதான், எனக்கே பிடிச்சிருக்கு, அதனாலதான் பயமா இருக்கு. ஆனா பீடி சுத்துத வீட்டுல என் மகன் போயிக் கால் வைக்கக் கூடாது. அந்தப் பொகையில நாத்தம் எங்க வீட்டுக்கு வேண்டாம். ஆமென்."

"ஆமென்"னு உள்ள இருந்து ஒரு குரல்.

கண்ணத் தெறந்து குனிஞ்சு பாக்கேன். வெள்ள உடுப்புல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. மரியாள் இயேசுவோட கல்லறைக்குள்ள குனிஞ்சு பாத்தப்ப அப்படித்தானே இருந்தாங்க, ரெண்டு தூதர்கள்! ஐயோ ஆண்டவரே, இந்தப் பாவிக்கா இந்தப் பாக்கியம்னு அழுகையே வந்துட்டு. பெறகு பாத்தா, ஒரு தூதர் கையில தயிர்ச் சோறு. இன்னொருத்தி ஊறுகா டப்பாவ மூடவா வேண்டாமான்னு வச்சிட்டு இருக்கா. அவ எங்க ஆளு, பழக்க தோசத்துல ஆமென் சொல்லிட்டா. மோட்டாருக்கு அந்தப் பக்கம் மூணாவதா ஒருத்தி. டிபன் பாக்ஸ் மடியில இருக்கு. இசக்கிச்செல்வி.

அவதான் எந்திரிச்சு வந்தா. "டீச்சர், இது மோட்டார் ரூம். வெயிலுக்கு நாங்க இங்கதான் சாப்பிடுவோம். கல்லறை பின்பக்கம் இருக்கு."

எந்திரிச்சு ஓடிரலாம்னா முழங்கால் பிடிச்சுக்கிட்டு. எந்திரிக்க முடியல. அவதான் கையக் குடுத்துத் தூக்கினா. யாரு என் வீட்டுக்கு வரக் கூடாதுன்னு கேட்டேனோ, அவ கையப் பிடிச்சுத்தான் எந்திரிச்சேன். அந்தப் பலகையில அபாயம், மோட்டார் அறைன்னு கொட்ட எழுத்துல எழுதியிருக்கு.

சாப்பாட்டுக்குப் பெறகு அவ எங்களுக்கு நெசக் கல்லறையக் காட்டினா. குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. ரோஸ்லெட், "டீச்சர், இங்க ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்களேன்"னா. தொண்ட சரியில்லன்னுட்டேன். வேன் ஏறுததுக்கு முந்தி, சும்மா போயிருக்கலாம்ல? என் வாய் இருக்கே. அவகிட்டப் போயி, கெத்து குறையாம, "யாபேஸ் விசயமா ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதோம்மா"ன்னேன்.

அவ என்னைய நேராப் பாத்து, "சரி டீச்சர். நாங்களும் கும்பிட்டுட்டுச் சொல்லுதோம்"னா.

அந்த ஞாயித்துக்கிழமை யாபேஸ் வந்தான். "அவ வேண்டாம்னுட்டாம்மா. காரணம் கேட்டேன், சொல்ல மாட்டேங்கா"ன்னான். மோட்டார் ரூம் விசயத்த அவ அவன்கிட்ட மூச்சு விடல. நான் என்ன செஞ்சிருக்கணும்? நான் காப்பி போட்டேன். ஆண்டவர் ஜெபத்தக் கேட்டுட்டார்னு ஒரு ஸ்தோத்திரமும் சொன்னேன். ஆமா, சொன்னேன், உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்.

அதுக்குப் பெறகு அவன் கோவப்படவும் இல்ல, பட்டினி கிடக்கவும் இல்ல. எது வச்சாலும் சாப்பிட்டான். ஒரு நாள் குழம்புல உப்பே போடல. அதையும் சாப்பிட்டுட்டுக் கையக் கழுவிட்டான். உப்பு ஒரு கல்லு கூடினாக்கூட என்னையக் கேலி பண்ணுத பய அவன். சங்கத்துல ரோஸ்லெட், கேட்ட ஜெபத்துக்குப் பதில் கிடைச்சவங்க எந்திரிச்சுச் சாட்சி சொல்லுங்கன்னா. நான் பாட்டுப் புஸ்தகத்தப் புரட்டிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு வாரம் முந்தி அவன் வந்து சொல்லுதான், குஜராத்துல கம்பெனிக்குப் புது சைட்டு வருதாம், அங்க போக எழுதிக் குடுத்துட்டானாம், ஒண்ணாந்தேதி கெளம்பணுமாம். அந்தப் பிள்ளையத் தூரமா அனுப்பும்னு கேட்டேன். என் பிள்ளை தூரமாப் போறான்.

போன வியாழக்கிழமை தனியா பஸ் ஏறினேன். கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் கிடையாது. டிக்கெட் எடுத்து, பெத்லகேமும் பாக்கல, பேழையும் பாக்கல, நேரா சாப்பாட்டு நேரத்துக்கு மோட்டார் ரூம். மத்த ரெண்டு பிள்ளைகளும் என்னையப் பாத்ததும் டிபன் பாக்ஸத் தூக்கிட்டு வெளிய போயிருச்சுங்க. அவ மட்டும் இருந்தா. கரண்டு இருந்துச்சு, மோட்டார் ஓடிட்டு இருந்துச்சு. அவளே சுவிட்ச அணைச்சா.

வழியெல்லாம் நெனச்சு வச்சிருந்தேன், இப்படிச் சொல்லணும் அப்படிச் சொல்லணும்னு. அவ முன்னால நின்னதும் எல்லாம் போச்சு. "அம்மா, அன்னைக்கு நான்..."ன்னு ஆரம்பிச்சேன். என்னையறியாமலே கண்ண மூடிக்கிட்டேன். கையும் தானாக் கூப்பிக்கிட்டு. அறுவத்தஞ்சு வயசு வரைக்கும் தப்புன்னு ஒண்ணு சொன்னா ஆண்டவர்கிட்டத்தான் சொல்லியிருக்கேன் பாத்துக்கிடுங்க. மனுசங்ககிட்டச் சொல்லிப் பழக்கமே இல்ல. புருசன்கிட்டச் சொன்னதில்ல, மகன்கிட்டச் சொன்னதில்ல.

"டீச்சர், கண்ணத் தெறந்து சொல்லுங்க. நான் முன்னாலதான இருக்கேன்"னா.

தெறந்தேன். அவ சரி பரவாயில்லன்னு ஒரு வார்த்தை சொல்லி என்னையத் தப்பிக்க விடல. கடைசியில என்ன வந்துச்சுன்னா, நான் நெனச்சுப் போனது எதுவும் வரல. "எங்கம்மாவும் பீடிதான் சுத்துனா"ன்னு வந்துட்டு. ராவும் பகலும் சுத்தித்தான் என்னைய டீச்சர் ட்ரெய்னிங் படிக்க வச்சா. இது அப்ப என் மகனுக்கே தெரியாது. அப்பா மளிகைக் கடை வச்சிருந்தார்னு சொல்லி வச்சிருந்தேன். கடையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. "பொகையில நாத்தம்னு சொன்னேன்லா, அது எங்கம்மா சேல வாசம். நான் சொன்னது தப்பு. என்னைய மன்னிச்சிரும்மா"ன்னு அவ கண்ணப் பாத்துச் சொன்னேன். சொல்லி முடிக்கதுக்குள்ள உயிர் போயி வந்துச்சு. எனக்கு அவ்வளவு வெக்கம், அவ்வளவு துக்கம். எங்கம்மா செத்து இருவது வருசம் ஆச்சு, அன்னைக்குத்தான் அவளுக்காக நெசமா அழுதேன்.

அவ அழல. டிபன் பாக்ஸ் மூடியில கொஞ்சம் தயிர்ச் சோத்த வச்சுக் குடுத்தா. சாப்பிட்டேன். அப்பத்தான் சொன்னா, "யாபேஸ எனக்குப் பிடிக்காமலா டீச்சர்? ஆனா மாமியார் மனசுல என்ன இருக்குன்னு காலம் முழுக்கக் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டு இருக்க முடியாதுல்லா. என்னையச் சொன்னதுக்கு எங்கிட்டச் சொல்லிட்டீங்க, எனக்குப் போதும். வீட்டச் சொன்னீங்கல்லா, அது எங்கம்மாகிட்டச் சொல்ல வேண்டியது. நான் அவங்ககிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல. நீங்களே வந்து சொல்லுங்க. யாபேஸக் கூட்டிட்டு வராதீங்க. அதுக்கு மேல எங்கம்மா என்ன சொல்லுதாங்களோ அதுதான்."

இன்னைக்குக் காலையில யாபேஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், பலகையில இருந்து எங்கம்மா வரைக்கும். தட்டுல கை வச்சது வச்ச மாதிரி இருந்தான். கேட்டு முடிச்சுட்டு, "மண்டையோட்டப் பாத்துமாம்மா உங்களுக்குப் புரியல?"ன்னு கேட்டான். ரெண்டு மாசத்துல முத தடவையாச் சிரிச்சான். பெறகு தலையக் குனிஞ்சுக்கிட்டான். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு.

இப்ப அந்தப் பிள்ளை வீட்டுக்குத்தான் போயிட்டு இருக்கேன். இசக்கிச்செல்வி இன்னைக்கு லீவு, வீட்டுலதான் இருப்பா. அவங்கம்மா பேரு பேச்சியம்மா. நான் அவங்களப் பாத்ததே இல்ல. பீடி சுத்துத முறத்த மடியில வச்சிட்டு உக்காந்திருப்பாங்க. நான் போயி எதுக்க உக்காந்து, உங்க வீட்ட இப்படிச் சொன்னேன்னு என் வாயாலயே சொல்லணும். வெளிய போன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. சொன்னாக் கேட்டுக்கிட வேண்டியதுதான்.

இந்தா, நாங்குநேரி தாண்டியாச்சு. அடுத்த நிறுத்தம் எனக்கு. ஏம்மா, நீங்க என் மூஞ்சியத்தான பாத்துட்டே வந்தீங்க. நெசத்தச் சொல்லுங்க, இவ்வளவு நேரம் பேசினதுல ஒரு தடவயாவது நான் கண்ண மூடினேனா?

மூடலேல்லா? அப்ப சரி, இறங்குதேன்.